பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் தடுமாறினால்: தேற்றுவதா, மாற்றுவதா?

முப்பது வயதைக் கடந்த கணினி, ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை என்று திரையில் கைவிரித்துவிட்டால் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். இருக்கும் டிஸ்க்கையே தேற்றி ஓட்டலாம். அதே காலத்து வேறொரு டிஸ்க்கைத் தேடிப் பிடித்துப் பொருத்தலாம். மெமரி கார்டையோ எஸ்எஸ்டியையோ அந்த இடத்தில் உட்கார வைக்கலாம். அல்லது, கணினியின் கண்ணுக்குப் பழைய டிஸ்க்காகவே தெரியும் எமுலேட்டர் பலகை ஒன்றை மாட்டலாம்.

எது சரி என்பதை டிஸ்க்கின் உடல்நிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த வகை இணைப்பில் வேலை செய்கிறது, அதில் உள்ள கோப்புகளுக்கு வேறெங்காவது பிரதி இருக்கிறதா, அந்தக் கணினியை எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்ற மூன்று கேள்விகளும்தான் முக்கால்வாசியைத் தீர்மானிக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1990களின் பிசிகளில் பரவலாக இருந்த ஐடிஇ என்ற டிஸ்க் இணைப்புள்ள 386, 486, பென்டியம் கணினிகளுக்கு சிஎஃப் என்ற மெமரி கார்டு. பழைய மேக் போன்றவற்றில் இருக்கும் ஸ்கஸி என்ற இணைப்புள்ளவற்றுக்கு எமுலேட்டர். தன்னை இயக்க வெளியே ஒரு கண்ட்ரோலர் தேவைப்படும் 1980களின் எம்எஃப்எம் டிஸ்க் என்றால், அது சுழலும்வரை அதையே பேணுவது. எந்த வழியில் போனாலும் டிஸ்க்கில் இருப்பதை நகலெடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதில் பேரம் கிடையாது.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

வழிகளை ஒப்பிடும் முன்பு ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும்: குற்றவாளி டிஸ்க்தானா? டிஸ்க் நன்றாக இருந்தும் செத்துவிட்டதாகத் தோன்றும் சந்தர்ப்பங்கள் ஏராளம்.

முதல் சந்தேகம், கணினியின் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் சிமாஸ் நினைவகத்துக்கு உயிர் கொடுக்கும் பேட்டரி மீது விழ வேண்டும். 286 முதல் 486 வரையிலான கணினிகளில், எத்தனை சிலிண்டர் (தட்டுகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும் தடங்களின் தொகுதி), எத்தனை ஹெட் (தட்டைப் படிக்கும் முனை), ஒரு தடத்துக்கு எத்தனை செக்டர் (தகவலைச் சேமிக்கும் துண்டு) என்ற டிஸ்க்கின் விவரங்கள் சிமாஸ் நினைவகத்தில்தான் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் அவை அழிந்துவிடும். டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கும், கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரலான பயாஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஐபிஎம் ஏடி வகைக் கணினியில் 161 என்ற எண் திரையில் வந்தால் அது பேட்டரியின் புலம்பல், டிஸ்க்கினுடையது அல்ல. 1701 என்று வந்தால்தான் ஹார்ட் டிஸ்க் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

விவரங்களை மீண்டும் பதியும்போது கவனம் தேவை. பல டிஸ்க்குகளின் லேபிளிலேயே மூன்று எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். உதாரணத்துக்கு, சீகேட் எஸ்டி-225 என்றால் 615 சிலிண்டர், 4 ஹெட், 17 செக்டர். மூன்றையும் பெருக்கி, ஒரு செக்டருக்கு 512 பைட் என்று கணக்கிட்டால் 20 மெகாபைட்டுக்குச் சற்று மேலே வரும். பழைய பயாஸில் நாமே எண்களை உள்ளிட வசதியாக 47ஆம் வகை என்று ஒன்று இருக்கும். அங்கே தவறான எண்களைக் கொடுத்தால், டிஸ்க் ஃபார்மட்டே செய்யப்படாதது போலத் தெரியும். தகவல் முழுவதும் பத்திரமாக இருக்க, பதற்றத்தில் ஃபார்மட் கொடுத்து அழித்தவர்கள் உண்டு. முதலில் எந்த எண்களை வைத்து ஃபார்மட் செய்தார்களோ அதே எண்கள்தான் இப்போதும் தேவை. சற்றே புதிய பயாஸ் தானாகக் கண்டறிந்து தரும் எண்கள் அவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மதர்போர்டில் பீப்பாய் வடிவத்தில் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்தால், மற்ற வேலைகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். அது கசியவிடும் காரம் பலகையின் செம்புத் தடங்களை அரித்துவிடும். அந்த அரிப்பு, டிஸ்க் பழுதைவிடச் சரிசெய்யக் கடினமானது.

அடுத்தது மின்சாரம். டிஸ்க்குக்கு வரும் சிவப்புக் கம்பியில் 5 வோல்ட், மஞ்சள் கம்பியில் 12 வோல்ட் இருக்க வேண்டும். ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகல் கூடாது. மோட்டாரைச் சுழற்றுவது 12 வோல்ட். அது 11க்கு இறங்கிவிட்டால் டிஸ்க் முனகிவிட்டு நின்றுபோகும். டிஸ்க்கை இணைத்தால் கணினியே உயிர் பெறவில்லை, கழற்றினால் உடனே இயங்குகிறது என்றால், டிஸ்க்கின் பலகையில் உள்ள டான்டலம் கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். 1980களின் டிஸ்க்குகளில் இது பிரசித்தமான பழுது. சில நேரம் பட்டாசு போல வெடித்து, புகையும் விடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது நல்ல செய்தி. ஒரு கெப்பாசிட்டரை மாற்றினால் டிஸ்க் மீண்டுவிடும். நேர், எதிர் முனைகளை மாற்றிப் பற்றவைக்காமல் இருந்தால் போதும்.

கேபிளையும் சும்மா விடக் கூடாது. ஐடிஇ கேபிளின் சிவப்பு ஓரம் முதல் ஊசியின் பக்கம் இருக்கிறதா, ஊசிகளில் கறுப்பு படிந்திருக்கிறதா, டிஸ்க்கை மாஸ்டராக, அதாவது கேபிளின் முதல் டிஸ்க்காக, அமைக்கும் ஜம்பர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நிறுவனங்களின் டிஸ்க்குகளில், தனியாக இருக்கும்போது ஒரு ஜம்பர் அமைப்பு, கூடவே ஸ்லேவ் எனப்படும் இரண்டாவது டிஸ்க் இருக்கும்போது வேறு அமைப்பு. 1990களின் பிற்பகுதிக்குப் பிந்தைய டிஸ்க் என்றால், அது தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் படிக்கலாம். அதில் 199ஆம் வரிசை எண் ஏறிக்கொண்டே போனால் பழுது கேபிளில். 5, 197 ஆகியவை ஏறினால்தான் தட்டுகளில்.

காதால் பார்ப்பது

இத்தனைக்குப் பிறகும் டிஸ்க்தான் குற்றவாளி என்றால், அதன் ஒலி பாதி நோயைச் சொல்லிவிடும். நல்ல நிலையில் உள்ள பழைய டிஸ்க், மின்சாரம் வந்ததும் மெல்ல வேகம் பிடித்து ஒரே சீராகச் சுழலும். பிறகு ஹெட்டுகளை உள்ளும் புறமும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் கொறிப்பது போன்ற ஒலி எழுப்பிவிட்டு அமைதியாகும்.

கீச்சென்ற உயர்ந்த சத்தம் தொடர்ந்து கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. காதுக்கு எரிச்சல், ஆனால் உடனடி ஆபத்து இல்லை. இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடும் டிஸ்க்குகள் உண்டு. வேகம் பிடித்து, டக் டக் டக் என்று சீரான இடைவெளியில் தட்டிவிட்டு நின்றுவிட்டால், ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது. பயாஸ் டிஸ்க்கைக் கண்டுகொள்கிறது, ஆனால் சில கோப்புகளைப் படிக்கும்போது மட்டும் திணறுகிறது என்றால் செக்டர்கள் கெட்டுவருகின்றன. நகலெடுக்க இதைவிட வசதியான நிலை கிடையாது. நாளைக்கு என்று தள்ளிப் போடாமல் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

ஒலியே இல்லை, மின்சாரம் சரியாக வருகிறது, ஆனால் மோட்டார் அசையவில்லை என்றால் ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். பழைய டிஸ்க்குகளில் சுழற்சி நின்றதும் ஹெட் தட்டின் மீதே அமர்ந்துவிடும். பல ஆண்டுகள் அப்படியே கிடந்தால் தட்டின் மேலுள்ள மசகுப் பூச்சே பசையாகிவிடும். இதற்கான வைத்தியம் எளிது. டிஸ்க்கைக் கிடையாகக் கையில் பிடித்து, தட்டு சுழலும் தளத்திலேயே மணிக்கட்டைச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டித் திருப்ப வேண்டும். உறை நகர, உள்ளே தட்டு தன் எடையால் பின்தங்க, பிடி விட்டுவிடும். சுத்தியலால் தட்டுவதும் மேசையில் மோதுவதும் வேண்டாம். ஃப்ரீசரில் வைத்து எடுக்கச் சொல்லும் பழைய யோசனையையும் மறந்துவிடுங்கள். வெளியே எடுத்த நிமிடத்தில் தட்டுகளின் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும்.

இப்படிக் கிளப்பிய டிஸ்க்கை, நகல் முடியும்வரை அணைக்கவே கூடாது. மறுமுறை கிளம்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முதலில் நகல்

40 மெகாபைட் டிஸ்க் ஒன்றின் முழு நகல், இன்றைய கைபேசியில் எடுத்த சில புகைப்படங்களின் அளவுதான். ஆகவே இடப் பிரச்சினை இல்லை. இணைப்புதான் பிரச்சினை.

பலரும் செய்வது, பழைய ஐடிஇ டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிப் பார்ப்பது. டிஸ்க் தெரியாது. உடனே அது செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த அடாப்டர்களில் பெரும்பாலானவை, செக்டர்களை ஒரே வரிசையில் எண்ணும் எல்பிஏ முறையை மட்டுமே அறிந்தவை. 1990களின் தொடக்கத்து டிஸ்க்குகளோ சிலிண்டர், ஹெட், செக்டர் என்று சொன்னால்தான் நகரும். இவற்றுக்கு, மதர்போர்டிலேயே ஐடிஇ இணைப்பு உள்ள ஒரு கணினியில் லினக்ஸை இயக்கிப் படிப்பதே நம்பகமான வழி. அதுவும் இல்லையென்றால் டாஸ் 6உடன் வரும் இன்டர்லிங்க் மூலம் சீரியல் அல்லது பேரலல் கேபிளில் கோப்புகளைக் கடத்தலாம். மெதுவானதுதான்; ஆனால் டிஸ்க் சிறியது.

நகலெடுக்க டிடிரெஸ்க்யூ என்ற நிரலைப் பரிந்துரைக்கிறேன். சாதாரண நகல் நிரல், கெட்டுப்போன முதல் இடத்திலேயே மல்லுக்கட்டிக்கொண்டு நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ, எளிதில் படிக்க முடிந்ததை எல்லாம் முதல் சுற்றில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைத்து, பிறகு திரும்பி வரும். இடையில் நின்றுபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் இந்த வரிசைதான் எல்லாம். ஸ்கேன்டிஸ்க், செக்டிஸ்க் போன்ற சரிபார்க்கும் நிரல்களை நகலுக்கு முன் ஓட்ட வேண்டாம். அவை திருத்துவதாகச் சொல்லி டிஸ்க்கிலேயே எழுதும். படிக்க முடியாத கோப்புகளைத் துண்டு துண்டாக்கிவிடும்.

எம்எஃப்எம் டிஸ்க்கில் சிக்கல் வேறு. ஒரு கண்ட்ரோலர் அட்டை ஃபார்மட் செய்ததை வேறு தயாரிப்பு அட்டை பெரும்பாலும் படிக்காது. டிஸ்க்கையும் அட்டையையும் பிரிக்காமல், அவை இருந்த கணினியிலேயே வைத்துப் படிப்பது நல்லது. அட்டை செத்துவிட்டது என்றால், டேவிட் கெஸ்வைன் என்பவர் பீகிள்போன் பிளாக் கணினிப் பலகையின் மேல் அமரும்படி வடிவமைத்த சாதனம் கைகொடுக்கும். தட்டிலிருந்து வரும் மூல சமிக்ஞைகளையே பதிந்துகொண்டு, பிறகு அதிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும். அதே சாதனம் பின்னர் எமுலேட்டராகவும் வேலை செய்யும்.

பழையதையே தேற்றுவது

எம்எஃப்எம் டிஸ்க்குகளைத் தேற்றுவதில் உண்மையான பலன் உண்டு. எஸ்டி-225 போன்றவற்றில் ஹெட்டை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். தான் போய் நின்ற இடம் சரியா என்று பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. இத்தனை படி நகர் என்றால் நகரும், அவ்வளவுதான். ஒவ்வொரு செக்டரின் தலைப்பும், முதல் ஃபார்மட்டின்போது ஹெட் எங்கே நின்றதோ அங்கே எழுதப்பட்டது. பிறகு எழுதிய தகவல், அப்போதைக்கு ஹெட் நின்ற இடத்தில் விழுந்தது. தேய்மானத்தாலும் வெப்பத்தாலும் இரண்டும் ஆண்டுக்காண்டு விலகி, ஒருநாள் தலைப்பையே படிக்க முடியாமல் ‘செக்டர் கிடைக்கவில்லை’ என்ற பிழை வரும். தட்டு கெடவில்லை, தடம் மாறியிருக்கிறது.

லோ-லெவல் ஃபார்மட் செய்தால் தலைப்பும் தகவலும் மீண்டும் ஒரே தடத்துக்கு வந்துவிடும். பல வெஸ்டர்ன் டிஜிட்டல் அட்டைகளில் டாஸின் டீபக் நிரலிலிருந்து சி800:5 என்ற முகவரிக்குத் தாவினால் இதற்கான பட்டியல் வந்து நிற்கும். இரண்டு விஷயங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். டிஸ்க்கை அரை மணி நேரமாவது ஓடவிட்டுச் சூடேறிய பிறகே தொடங்குவது. கணினிக்குள் எந்த வாக்கில் இருக்கப்போகிறதோ அதே வாக்கில் வைத்துச் செய்வது. கிடையாக வைத்து ஃபார்மட் செய்துவிட்டு நிறுத்தி வைத்தால் ஹெட்டின் எடை வேறு பக்கம் இழுக்கும், பழைய கதை மீண்டும் தொடங்கும். கெட்டதாகக் குறிக்கப்பட்ட இடங்கள் இந்தச் சுற்றில் கணிசமாகக் குறைவதும் உண்டு.

இதை ஐடிஇ டிஸ்க்குக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஐடிஇ டிஸ்க்குகளின் தடங்கள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டவை. அவற்றில் லோ-லெவல் ஃபார்மட் என்ற பெயரில் நாம் செய்யக்கூடியது, முழுவதும் பூஜ்யத்தை எழுதுவது மட்டும்தான். கெட்ட செக்டருக்குப் பதில் மாற்று செக்டரைப் பயன்படுத்திக்கொள்ள அது டிஸ்க்குக்கு ஒரு வாய்ப்பைத் தரும். தேய்ந்த டிஸ்க்கில் அதனால் கிடைப்பது கொஞ்ச கால அவகாசம்.

டக் டக் என்று தட்டும் டிஸ்க்குகளில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் வந்த குவாண்டம் புரோடிரைவ் எல்பிஎஸ் வரிசையில், ஹெட் தாங்கி வந்து முட்டும் ரப்பர்த் துண்டு வயதானதும் பிசினாக உருகிவிடும். ஹெட் அதில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். மூடியைத் திறந்து, ஒட்டிய பகுதியை மெல்ல விடுவித்து, ரப்பருக்குப் பதில் வேறு துண்டு பொருத்தி ஓடவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓடவும் செய்கிறது. ஆனால் தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அறைக் காற்றில் மிதக்கும் தூசியில் பெரும்பகுதி அதைவிடப் பெரியது. திறந்த டிஸ்க்கை நகலெடுக்கும்வரை ஓடும் டிஸ்க் என்று எடுத்துக்கொள்ளலாம், அதற்குமேல் நம்ப முடியாது. உள்ளே இருப்பது உண்மையிலேயே விலைமதிப்பற்றது என்றால், திறக்காமல் தகவல் மீட்பு நிபுணர்களிடம் கொடுப்பதே சரி.

வேறொரு பழைய டிஸ்க்

இந்த வழியில் எனக்கு ஆர்வம் இல்லை. பழையதற்குப் பதில் இன்னொரு பழையது வாங்கினால், அதே வயதையும் அதே நோய்களையும் சேர்த்தே வாங்குகிறோம். அச்சு அசலாக அதே மாடல்தான் இருக்க வேண்டும் என்ற காட்சிப்பொருள் ஆசைக்கும், பலகையை மட்டும் கழற்றி மாற்றிப் பார்க்கும் வேலைக்கும் இது பொருந்தும். கொஞ்சம் அர்த்தமுள்ள மாற்று, 2000களின் தொடக்கத்து ஐடிஇ டிஸ்க். அப்போது வந்த திரவ பேரிங்குகள் சத்தம் குறைந்தவை, நீடித்தவை. பலவற்றில் கொள்ளளவை 32 ஜிகாபைட்டாகக் குறைத்துக் காட்டும் ஜம்பரும் உண்டு. ஆனால் 486 காலத்து பயாஸுக்கு 32 ஜிகாபைட்டும் மலைதான்.

மெமரி கார்டும் எஸ்எஸ்டியும்

1994இல் சான்டிஸ்க் அறிமுகப்படுத்திய காம்பேக்ட்ஃபிளாஷ், அதாவது சிஎஃப் கார்டு, பழைய கணினிக்காகவே பிறந்தது போன்ற பொருள். ஐடிஇ டிஸ்க் எந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளுமோ அதே கட்டளைகளை இதுவும் புரிந்துகொள்ளும்; 5 வோல்ட்டிலும் வேலை செய்யும். இடையில் வைக்கும் அடாப்டர் வெறும் கம்பிகளை இணைக்கும் பலகைதான். மொழிபெயர்க்கும் சிப் எதுவும் தேவையில்லை. இடையில் சிப் இல்லாததால் வம்பும் குறைவு. லேப்டாப்களிலும், அமிகா 600, 1200 போன்றவற்றிலும் 44 ஊசி இணைப்பிலேயே மின்சாரமும் வந்துவிடுவதால், தனிக் கம்பிகூட வேண்டாம்.

சிக்கல் கொள்ளளவில்தான். பழைய பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் எண்ணாது. பெருக்கிப் பார்த்தால் 528 மெகாபைட். அதற்குமேல் இருக்கும் இடம் அதற்குத் தெரியாது. சில பயாஸ்கள் பெரிய கார்டைக் கண்டதும் உறைந்தே போய்விடும். பிந்தைய பயாஸ்களுக்கு அடுத்தடுத்த சுவர்கள் 2.1, 8.4, 33.8, 137 ஜிகாபைட்டில் வரும். இயங்குதளத்துக்கும் தனி வரம்பு உண்டு. டாஸ் 3.3இல் ஒரு பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பிரித்த ஒரு பகுதி, 32 மெகாபைட்டைத் தாண்டாது. டாஸ் 6இல் 2 ஜிகாபைட். 486க்கு 512 மெகாபைட் கார்டு என்றால் தலைவலியே இல்லை. பெரிய கார்டு வாங்கினால் லாபம் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

கார்டைப் புதிய கணினியின் யுஎஸ்பி ரீடரில் ஃபார்மட் செய்து கொண்டுவந்து மாட்டினால், பல நேரம் பூட் ஆகாது. ரீடர் எண்ணிய சிலிண்டர் கணக்கு வேறு, பழைய பயாஸ் எண்ணும் கணக்கு வேறு. பழைய கணினியிலேயே ஃபிளாப்பியிலிருந்து பூட் செய்து, பார்ட்டிஷன் பிரிக்கும் எஃப்டிஸ்க்கும் ஃபார்மட்டும் அங்கேயே ஓட்ட வேண்டும். முதல் செக்டரில் பூட் நிரலை எழுத, எஃப்டிஸ்க்குக்கு எம்பிஆர் என்ற விருப்பத்தைக் கொடுத்து ஒருமுறை ஓட்டினால் போதும். பழைய டிஸ்க்கின் முழு நகலை அப்படியே கார்டில் கொட்டுவதும் இதே காரணத்தால் தோற்கும். நகலைத் திறந்து, உள்ளிருக்கும் கோப்புகளை மட்டும் புதிய பார்ட்டிஷனில் இடுவதுதான் நிம்மதி.

விண்டோஸ் எக்ஸ்பி போடப்போகிறீர்கள் என்றால் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பல சிஎஃப் கார்டுகள் தம்மைக் கழற்றக்கூடிய சாதனம் என்று அறிவித்துக்கொள்ளும். எக்ஸ்பி அவற்றில் முதல் பார்ட்டிஷனை மட்டுமே ஏற்கும். நிலையான டிஸ்க் என்று அறிவித்துக்கொள்ளும் தொழில்துறைக் கார்டுகளில் இந்தத் தொல்லை இல்லை, எழுதித் தேயும் வேகமும் குறைவு. டாஸ் டிஸ்க்கில் எழுதுவதே கொஞ்சம் என்பதால் எந்த நல்ல கார்டும் தாக்குப் பிடிக்கும். விண்டோஸ் 95, 98இல் ராம் போதாமல் ஸ்வாப் கோப்பு ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தால்தான் கார்டு தேயும். ராமைக் கூட்டினால் அதுவும் தீரும்.

கார்டின் உண்மையான குறை வேறு. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் முனகும், தட்டும், மெதுவாகும். கார்டு நேற்று வரை ஓடிவிட்டு இன்று வெறுமையாக நிற்கும். மின்சாரமே இல்லாமல் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்தாலும் ஃபிளாஷ் நினைவகத்தின் மின்னூட்டம் வடிந்துபோகலாம். கார்டின் நகல் ஒன்றை வேறெங்காவது வைத்திருப்பது கட்டாயம்.

எஸ்டி கார்டை ஐடிஇ ஆக்கும் அடாப்டர்களும் இருக்கின்றன. எஸ்டி கார்டு எளிதில் கிடைக்கும் என்பது மட்டுமே அவற்றின் பலம். ஐடிஇ மொழியை எஸ்டி மொழிக்கு மாற்ற இடையே ஒரு சிப் தேவைப்படுகிறது. ஸ்லேவ் டிரைவ் ஒன்றோடு ஒரே கேபிளில் இருக்கும்போது அது அடிக்கடி முரண்டு பிடிக்கிறது. சிஎஃப் கிடைக்கவே இல்லையென்றால் இது.

பிரிட்ஜ் அடாப்டர் வைத்து, ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா இணைப்புள்ள எஸ்எஸ்டியை மாட்டுவது, பென்டியம் 3க்குப் பிந்தைய, விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி ஓடும் கணினிக்கு நல்ல யோசனை. வேகம் கண்ணுக்குத் தெரியும். எக்ஸ்பி தன் முதல் பார்ட்டிஷனை 63ஆவது செக்டரில் தொடங்குவதால், எஸ்எஸ்டியின் உள் கட்டங்களோடு அது பொருந்தாது. பார்ட்டிஷனைப் புதிய கருவியில் 2048ஆவது செக்டரிலிருந்து தொடங்கும்படி செய்துகொண்டு பிறகு எக்ஸ்பியை நிறுவலாம். எந்த இடம் காலியாகிவிட்டது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளையும் எக்ஸ்பிக்குத் தெரியாது. கால்வாசி இடத்தைப் பார்ட்டிஷன் செய்யாமல் விட்டுவைத்தால் எஸ்எஸ்டிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். 486இல் இதை மாட்ட வேண்டாம். அதன் வேகத்தை அந்தக் கணினி அறியவே போவதில்லை.

கொள்ளளவுச் சுவரைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால் இரண்டு உபாயங்கள். ஒன்று, டிஸ்க் மேனேஜர், இஇசட்-டிரைவ் போன்ற அந்தக் காலத்து ஓவர்லே நிரல்கள். இவை டிஸ்க்கின் தொடக்கத்திலேயே குடியிருந்து பயாஸை ஏமாற்றும். ஃபிளாப்பியிலிருந்து நேராக பூட் செய்தால் ஓவர்லே ஏறாது, டிஸ்க் தாறுமாறாகத் தெரியும். இன்னொன்று, எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்ற இலவச நிரல். நெட்வொர்க் கார்டில் பூட் ரோமுக்கென்று காலியாக இருக்கும் சாக்கெட்டில் இதை எழுதிய சிப்பைச் செருகினால், மதர்போர்டின் பயாஸைத் தொடாமலே பெரிய கார்டுகள் தெரியும். இரண்டில் எது என்று யோசிக்கவே தேவையில்லை, இரண்டாவதுதான். 8088 பிராசஸர் கொண்ட, ஐபிஎம்மின் தொடக்க காலத்து பிசி, எக்ஸ்டி கணினிகளுக்கும் இதே பயாஸுடன் 8 பிட் ஐடிஇ அட்டைகள் கிடைக்கின்றன. எம்எஃப்எம் டிஸ்க் மாண்டுபோன எக்ஸ்டிக்கு அதுவே என் தேர்வு.

ஸ்கஸியும் எமுலேட்டரும்

பழைய மேக்கின்டோஷ், அமிகா 3000, சன் வொர்க்ஸ்டேஷன் ஆகியவற்றில் 50 ஊசி ஸ்கஸி இருக்கும். மேக் என்றாலே ஸ்கஸி என்று எண்ணிவிட வேண்டாம். 1994இல் வந்த குவாட்ரா 630 முதலே ஐடிஇ டிஸ்க் கொண்ட மேக்குகள் உண்டு. வாங்கும் முன் திறந்து பார்த்துவிடுங்கள்.

நான்கு வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது எமுலேட்டர்தான். எஸ்சிஎஸ்ஐ2எஸ்டி, புளூஸ்கஸி, ஜூலுஸ்கஸி என்று பல பலகைகள் இருக்கின்றன. பின்னிரண்டும் எஸ்டி கார்டில் கிடக்கும் ஒரு கோப்பையே ஹார்ட் டிஸ்க் என்று கணினியிடம் காட்டுகின்றன. கோப்பின் பெயரிலேயே ஸ்கஸி எண் இருக்கும். ஒரே கார்டில் பல கோப்புகளை வைத்தால் பல டிஸ்க்குகள். நகல் எடுப்பது என்றால் கார்டைக் கழற்றி அந்தக் கோப்பைப் பிரதியெடுப்பது, அவ்வளவுதான். பழைய டிஸ்க்கிலிருந்து டிடிரெஸ்க்யூ எடுத்த முழு நகலை, பெயரை மட்டும் மாற்றி இட்டால் பெரும்பாலும் அப்படியே பூட் ஆகும். ஐடிஇயில் நம்மைப் படுத்திய சிலிண்டர் கணக்கு இங்கே இல்லை. ஸ்கஸி ஆரம்பத்திலிருந்தே செக்டர்களை ஒரே வரிசையில் எண்ணியது.

கவனிக்க வேண்டியது டெர்மினேஷன், அதாவது கேபிளின் முனையில் சமிக்ஞை எதிரொலிக்காமல் தடுக்கும் அமைப்பு. கேபிளின் இரு முனைகளிலும் இருக்க வேண்டும், நடுவில் இருக்கக் கூடாது. அசல் டிஸ்க்கைக் கழற்றும்போது அதோடு டெர்மினேட்டரும் போய்விடும் என்பதை மறந்துவிட்டுப் புதிய பலகையைத் திட்டுபவர்கள் அதிகம். மேக் பிளஸ், ஸ்கஸி கேபிளில் டெர்மினேஷனுக்கான மின்சாரத்தைத் தருவதில்லை. அதில் மாட்டும் பலகைக்குத் தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். ஆப்பிளின் பழைய டிஸ்க் அமைப்பு நிரலோ, ஆப்பிள் விற்ற டிஸ்க்குகளைத் தவிர வேறெதையும் கண்டுகொள்ளாது. திருத்தப்பட்ட பதிப்பையோ, தயார் நிலையில் கிடைக்கும் வெற்று டிஸ்க் கோப்பையோ பயன்படுத்தினால் அந்தக் கட்டத்தையே தாண்டிவிடலாம்.

எம்எஃப்எம் எமுலேட்டரை எக்ஸ்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே எக்ஸ்டிஐடிஇ அட்டை எளிது, மலிவு. கண்ட்ரோலர் மதர்போர்டோடு சேர்ந்தே இருக்கும், அட்டை செருக ஐஎஸ்ஏ ஸ்லாட்டே இல்லாத பழைய கணினிகளுக்கு மட்டும் அதைவிட்டால் வேறு கதியில்லை.

கழற்றிய டிஸ்க்கை என்ன செய்வது

தூக்கிப் போட வேண்டாம். ஓடும் நிலையில் இருக்கும் ஸ்டெப்பர் மோட்டார் டிஸ்க் என்றால், நகர்த்துவதற்கு முன் பார்க் நிரலை ஓட்டி ஹெட்டை ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பிவிட்டு மின்சாரத்தை நிறுத்துங்கள். எஸ்டி-225 தானாக ஒதுங்காது. ஹெட்டைக் காந்தச் சுருளால் நகர்த்தும் வாய்ஸ் காயில் வகை டிஸ்க்குகள் மின்சாரம் நின்றதும் தாமாகவே ஒதுங்கிவிடும். பிறகு ஆன்டிஸ்டாட்டிக் உறையில் போட்டு, சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களையும், எம்எஃப்எம் என்றால் எந்த அட்டையில் ஃபார்மட் செய்தது என்பதையும் வெளியே எழுதி ஒட்டுங்கள். புதிய அடாப்டருக்காக உறையில் துளை போடாமல், பழைய திருகுகளையும் தகட்டையும் அதே உறையில் போட்டு வைத்தால், கணினியை எப்போது வேண்டுமானாலும் அசல் நிலைக்குக் கொண்டுவரலாம்.

சிஎஃப் கார்டுக்கு மாறியவர்களில் சிலருக்கு நிசப்தம் ஒத்துவருவதில்லை. டிஸ்க் விளக்கின் இணைப்பில் மாட்டினால், விளக்கு மின்னும்போதெல்லாம் ஹெட் நகர்வது போலச் சடசடக்கும் சின்னப் பலகை ஒன்று இவர்களுக்காகவே விற்கிறது. சிரிப்பாக இருந்தாலும் அதில் ஒரு பயன் இருக்கிறது: விண்டோஸ் 98 உறைந்துவிட்டதா, இன்னும் ஏதோ படித்துக்கொண்டிருக்கிறதா என்பதைத் திரையைப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம்.